குன்னூர் முதல் தார்நாக்கா வரை: குழந்தையுணவின் வரலாறு

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று சங்கத்தார் கேட்கும்போதெல்லாம் நம்மவர் எடுத்தெழுதுவன சோழர் கடற்படை, பல்லவர் சிற்பம், கம்பரின் கவிநயம் ஆகியவையே. அவை வேண்டா என்று நாம் சொல்லவில்லை. ஆயினும், செகந்தராபாத் இரயில்வே குடியிருப்புகளில் வாழும் தமிழராகிய நாம் அடிக்கடி கடந்து செல்லும் ஒரு மதிற்சுவருக்குள்ளே நம் நாட்டு வரலாற்றின் ஒரு பகுதி அடங்கியிருப்பதை நம்மிற் பலர் அறியார். தார்நாக்காவிலே, ஜாமியா உஸ்மானியா நிலையத்துக்கு அண்மையில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தையே குறிப்பிடுகின்றோம். அது பிறந்த ஊர் ஐதராபாத் அன்று. நம்மைப் போலவே அதுவும் தமிழ் நாட்டில் பிறந்து, பின்னர் இங்கு வந்து குடியேறியது. அது பிறந்த ஊர் நீலகிரியிலுள்ள குன்னூர்.

அந்நிறுவனம் ஆராய்ந்த பொருள்கள் பல. அவற்றுள் குழந்தையுணவு ஒன்றையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். பிறந்த சிசுவுக்கு என்ன புகட்டுவது, எத்தனையாவது மாதத்தில் சோறூட்டுவது என்பன பாட்டிமாரின் கேள்விகளாயிற்றே, இவற்றுக்கு வரலாறும் உண்டோ என்று சிலர் நகைக்கலாம். 1951-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 146 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மாண்டன. அஃதாவது, ஏழு தொட்டில்களுள் ஒன்று வெறுந்தொட்டிலாயிற்று. 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் அவ்வெண் 28. இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம் உணவு ஒன்றே அன்று. தடுப்பூசியும் நல்ல குடிநீரும் மருத்துவமனைப் பிரசவமும் பெரும்பங்கு பெற்றன. எனினும் உணவின் பங்கு சிறிதன்று. அதைத் தெரிந்துகொண்ட வழியோ நேர்வழியும் அன்று.

முதல் உலகப்போர் முடிந்த 1918-ஆம் ஆண்டில், ராபர்ட் மக்காரிசன் என்னும் படைமருத்துவர் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையைப் பெற்று ‘பெரிபெரி ஆய்வு’ என்ற பெயரில் தம் பணியைத் தொடங்கினார். ஏழாண்டுகளில் அது ‘குறைநோய் ஆய்வு’ என விரிந்தது. 1928-இல் ‘ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடம்’ என்ற முழுநிலை எய்தியது. மக்காரிசனே அதன் முதல் இயக்குநர். அயர்லாந்தில் பிறந்த அவர் முன்னரே கில்கித் மலைநாட்டில் கழலைநோயை ஆராய்ந்து பெயர் பெற்றவர். பின்னாளில் சர் பட்டமும் அவருக்குக் கிடைத்தது.

பெரிபெரி என்பது, தவிட்டோடு நீங்கிவிடும் தயமின் என்னும் உயிர்ச்சத்துக் குறைவால் வரும் நோய். அரிசியை ஆலையில் தீட்டித் தீட்டி வெண்மையாக்கி உண்ட இடங்களிலெல்லாம் அது தலைகாட்டிற்று. சென்னை மாகாணத்தில் அதன் உறைவிடம், வடசர்க்கார் என்று அந்நாளில் வழங்கிய கடற்கரைத் தெலுங்கு மாவட்டங்கள். பெரியோருக்குக் கால் மரத்துப் போதல், வீக்கம், இதயத் தளர்ச்சி என்று மெல்ல வரும் இந்நோய், கைக்குழந்தையிடத்தில் மட்டும் கள்வனைப் போல் வரும். தாய்க்குத் தயமின் குறைந்தால் அவள் பாலிலும் அது குறையும். தாயோ நடமாடிக்கொண்டிருப்பாள், குழந்தையோ இரண்டு முதல் ஐந்து மாதப் பருவத்தில், பார்ப்பதற்குக் கொழுகொழுவென்று இருந்தபடியே, ஒரு நாள் மூச்சுத் திணறும், வாய் திறந்து அழும், ஓசை எழாது, சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். பேய் அறைந்தது என்றும், தாய்ப்பால் நஞ்சாயிற்று என்றும் ஊரார் பேசியிருந்தால் அதில் வியப்பென்ன? மக்காரிசனுக்குப் பின் 1935-இல் இயக்குநராக வந்த ஆய்க்ராய்டும் அவருடன் பணியாற்றிய கிருஷ்ணன் என்பாரும் இப்பகுதியின் குழந்தை மரணக் கணக்கைத் துருவி 1941-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பேய்க்கு அங்கே வேலையில்லை. வேலையெல்லாம் அரிசி ஆலைக்கே. தயமின் ஊசி ஒன்று உரிய நேரத்தில் போட்டால், போகவிருந்த குழந்தை சில மணி நேரத்தில் பால் குடிக்கும்.

ஈண்டு நம் புழுங்கலரிசியைப் பற்றி ஒரு சொல். நெல்லை ஊறவைத்து ஆவியில் வேகவைக்கும்போது உமிக்கடியிலும் தவிட்டிலும் உள்ள சத்து அரிசியின் உள்ளே ஊறிவிடுகின்றது; பின்னர் தீட்டினாலும் முழுதும் போவதில்லை. பச்சரிசி உண்ட வடசர்க்காரில் பரவிய நோய், புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அவ்வாறு பரவாமைக்குக் காரணம் இதுவே. பச்சரிசிச் சோறே உயர்ந்தோர் சோறு என்று கருதும் வீடுகள் இன்றும் நம் குடியிருப்பில் உள. அவர்கள் வருந்தவேண்டா. பருப்பும் காயும் பாலும் தாராளமாக உண்பவர்க்குப் பச்சரிசி தீங்கு செய்யாது. சோறும் உப்பும் மட்டுமே உண்ட ஏழைத்தாயின் வீட்டில்தான் அது கூற்றுவனாயிற்று.

மக்காரிசன் செய்த மற்றொரு சோதனையைச் சொல்லாமல் விடலாகாது. நம்மவர்க்கு அது சற்றே உறைக்கும். எலிகளைக் கூட்டங் கூட்டமாகப் பிரித்து, சீக்கியர் உணவை ஒரு கூட்டத்துக்கும், பட்டாணியர் உணவை ஒரு கூட்டத்துக்கும், மராட்டியர், கூர்க்கர், கன்னடியர், வங்காளியர், சென்னையர் உணவுகளை ஏனைய கூட்டங்களுக்கும் கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி கொண்ட சீக்கிய உணவை உண்ட எலிகள் உடல் வளர்ச்சியில் முதலிடம் பெற்றன. நம் சென்னை உணவை உண்டவை கடைசி இடம் பெற்றன. எதிர் வீட்டுச் சர்தார்ஜியிடம் இதைச் சொன்னால் அவர் ஒரு மாதத்துக்கு நம்மை விடமாட்டார்! எனினும் மக்காரிசன் அளந்தது ஓர் இனத்தின் பெருமையை அன்று, அவ்வினத்தின் தட்டில் விழுந்த பொருளை. தீட்டிய அரிசியும் புளிநீரும் சிறிது காயும் கொண்ட தட்டில் வளரும் பிள்ளைக்கு வேண்டிய சத்துகள் பல இல்லை என்பதே அவர் கண்டது.

இனி நாம் சொல்லப்போகும் செய்தியே இக்கட்டுரையின் நடுநாயகம் என்று கருதுகின்றோம்.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள இன்றைய கானா நாடு அந்நாளில் பொற்கரை என்ற பெயரோடு ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. ஜமைக்காவில் பிறந்த சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் அங்கே பணியாற்றினார். ஒன்று முதல் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் காலும் முகமும் வீங்கி, தலைமயிர் செம்பட்டை நிறமாகி, தோல் உரிந்து, சிரிப்பை மறந்து மாண்டுபோவதைக் கண்டு 1933-இல் எழுதினார். 1935-இல் அந்நோய்க்கு அவ்வூர்க் கா மொழியில் வழங்கிய பெயரையே மருத்துவ உலகுக்கு அறிமுகம் செய்தார். குவாஷியார்க்கர் என்பது அப்பெயர். அடுத்த குழந்தை பிறந்தபோது முன்னைய குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். தாயின் மடியிலிருந்து இறக்கிவிடப்பட்ட குழந்தைக்குப் பாலும் இல்லை; அதற்கு ஈடான உணவும் இல்லை; மாவுக்கூழ் ஒன்றே கிடைத்தது. நோயின் காரணம் முழுவதையும் ஒரு சொல்லில் அடக்கிய அத்தாய்மாரின் அறிவை உலகம் வியந்தது.

தமிழில் இதற்குச் சொல் இல்லையா? உண்டு. ‘சவலை’ என்பதே அச்சொல். தாய் மீண்டும் கருவுற்றதால் தாய்ப்பால் இழந்து மெலிந்த பிள்ளையைச் சவலைப்பிள்ளை என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். பொற்கரையின் கா மொழித் தாய்மார் எதைக் கண்டனரோ அதையே நம் காவிரிக்கரைத் தாய்மாரும் கண்டு பெயரிட்டிருக்கின்றனர். ஆனால் நம் மருத்துவக் கல்லூரிகளில் பயின்றவர்கள் ஆப்பிரிக்கச் சொல்லைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தார்களேயன்றி, தம் வீட்டுச் சொல்லை அதனோடு ஒட்டிப் பார்க்கவில்லை. இது நமக்குக் குறையாகவே படுகின்றது.

நம் நாட்டில் இந்நோயை முறையாக ஆராய்ந்தோருள் முதல்வர், சேலத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோபாலன். குன்னூரில் ஆராய்ச்சி ஆண்டு தொடங்கியதும் அவர் பிறந்ததும் ஒரே ஆண்டாக அமைந்தது ஒரு பொருத்தம். அவர் குன்னூர்க்கூடத்தில் சேர்ந்து, சவலைக் குழந்தைகளையும் ஏழைத்தாய்மாரின் பாலையும் ஆராய்ந்தார். அரைவயிறு உண்ணும் தாயின் பாலில் சத்து இராது, ஆதலின் ஏழைக்குழந்தைக்குப் புட்டிப்பாலே கதி என்றொரு கருத்து அப்போது உலவிற்று. கோபாலனின் ஆராய்ச்சி வேறு கூறியது: வறுமையில் வாடும் தாய்க்கும் பால் சுரக்கின்றது, அளவு சற்றுக் குறையினும் அதன் புரதம் பெரிதும் குறைவதில்லை, முதல் மாதங்களில் குழந்தை அதனாலேயே வளர்கின்றது. தாய் தன் உடலை உருக்கித் தருகின்றாள் என்பதே இதன் பொருள். ஆதலின் குழந்தைக்கு உணவளிக்க விரும்புவோர் முதலில் தாய்க்கு உணவளிக்கவேண்டும். ஆறு மாதத்துக்குப்பின் பால் மட்டும் போதாது. அங்கேதான் சவலைக்கு வழி திறக்கின்றது.

இனி டப்பாப்பாலின் வரலாற்றுக்கு வருவோம். ஜெர்மானிய இரசாயன அறிஞர் லீபிக் 1860-களில் தாய்ப்பாலுக்கு மாற்றென ஒரு கலவையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சுவிட்சர்லாந்தில் ஹென்றி நெஸ்லே 1867-இல் பாலும் கோதுமை மாவும் சேர்ந்த பொடி ஒன்றைச் செய்தார். நம் வீடுகளில் மாலைப்பானமாக வழங்கிய ஹார்லிக்ஸ், 1873-இல் சிகாகோவில் சகோதரர் இருவர் தொடங்கிய குழந்தையுணவுத் தொழிலில் பிறந்தது. கிளாக்ஸோ என்ற பெயர் இன்று மருந்து நிறுவனத்துக்குரியது. 1906-இல் அது பதிவானதோ நியூசிலாந்துப் பால்பொடிக்கு. தாயை இழந்த குழந்தைக்கும் பால் சுரவாத தாய்க்கும் இப்பொடிகள் உதவின என்பதை மறுப்பது நன்றியன்று. தாய்ப்பால் நிறைந்த வீட்டிலும் டப்பா புகுந்தபோதுதான் கேடு தொடங்கிற்று. சிசிலி வில்லியம்ஸ் பின்னர் சிங்கப்பூருக்கு மாற்றலாகிவந்து, இனிப்பூட்டிய டப்பாப்பாலால் குழந்தைகள் சாவதைக் கண்டு, 1939-இல் அந்நகர் ரோட்டரிச் சங்கத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். ‘பாலும் கொலையும்’ என்பது அவ்வுரைக்கு அவர் இட்ட தலைப்பு. வணிகர் நிறைந்த அவையில் இத்தலைப்பில் பேசத் துணிந்த அம்மையாரை எண்ணி நாம் தலைவணங்குகின்றோம்.

இந்தியாவுக்குப் பால்பொடி பெரும்பாலும் கப்பலில்தான் வந்தது. எருமைப்பாலைப் பொடியாக்க முடியாது என்று மேனாட்டு வல்லுநர் கூறிவந்தனர். குஜராத்தின் ஆனந்த் நகரில், 1946-இல் தோன்றிய கைரா மாவட்டப் பால் கூட்டுறவுச் சங்கம் அதைச் செய்து காட்டிற்று; அதன் ஆலையைப் பிரதமர் நேரு 1955 அக்டோபர் 31 அன்று திறந்துவைத்தார். ஆயினும் எருமைப்பால் கொழுப்பு மிக்கது. குழந்தையின் வயிற்றில் அதன் தயிர்க்கட்டி கடினமாகத் திரளும். இக்குறையை நீக்கிக் குழந்தைக்கேற்ற பொடியாக்கும் முறையை மைசூரில் 1950-இல் தோன்றிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் வகுத்துத் தந்தது. அந்நிலையத்தின் முதல் இயக்குநர் சுப்பிரமணியன் நம் தமிழர். அந்நியச் செலாவணி மிச்சப்பட்டது. சுதேசிப் பொடி வந்தது. நாடு பெருமை கொண்டது. தாய்ப்பாலுக்கு மாற்று, சுதேசியாயினும் மாற்றுத்தான் என்பதை அப்போது எவரும் அதிகம் பேசவில்லை.

நாம் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவராதலின் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான்கு மாதக் குழந்தையின் எடை 6 கிலோ என்று கொள்வோம். கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 150 மில்லிலிட்டர் பால் வேண்டும். ஆகவே 900 மில்லிலிட்டர். 30 மில்லிலிட்டர் நீருக்கு ஒரு கரண்டிப் பொடி என்பது பொதுவான அளவு; ஆகவே 30 கரண்டி. ஒரு கரண்டி ஏறத்தாழ நாலரை கிராம்; ஆகவே நாளொன்றுக்கு 135 கிராம். 400 கிராம் டப்பா மூன்றாம் நாள் மாலையில் காலியாகும். மாதத்துக்குப் பத்து டப்பா. கடைக்காரரிடம் ஒரு டப்பாவின் விலையைக் கேட்டுப் பத்தால் பெருக்கிப் பார்க்க. கடைநிலை ஊழியர் வீட்டில் என்ன நடக்கும்? ஒரு கரண்டிக்குப் பதில் அரைக்கரண்டி போடுவர். மூன்று நாள் டப்பா ஒரு வாரம் வரும். வெண்மையாக இருப்பதால் அதுவும் பால் என்றே தோன்றும். குழந்தை அழுகை நிறுத்தி உறங்கும். உடல் மட்டும் வற்றிவரும். இதனோடு கழுவாத புட்டியும் காய்ச்சாத நீரும் சேர்ந்தால் வயிற்றுப்போக்கு. இதைத்தான் உலகெங்கும் மருத்துவர் கண்டனர். நம் குடியிருப்பிலேயே, பிரசவமான மூன்றாம் நாள் தாய்க்குப் பால் போதவில்லை என்று சொல்லி மருந்துச்சீட்டிலேயே டப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்த மருத்துவமனை ஒன்றிலிருந்து வீடு திரும்பிய குடும்பம் ஒன்றை அறிவோம். மூன்றாம் நாள் எந்தத் தாய்க்கும் குடம் குடமாகச் சுரப்பதில்லை. அப்பருவத்துக் குழந்தையின் வயிறும் குடம் அன்று. குழந்தை சப்பச் சப்பவே பால் ஊறும். புட்டி கொடுத்தால் குழந்தை சப்புவது குறையும். சப்புவது குறைந்தால் சுரப்பதும் குறையும். அக்குடும்பத்தில் நாற்பது நாளில் தாய்ப்பால் அறவே நின்றது.

1958-இல் குன்னூர்க்கூடம் ஐதராபாத்துக்கு மாறியது. நீலகிரிக் குளிரிலிருந்து தார்நாக்காவின் வெயிலுக்கு எலிகளும் ஏடுகளும் வந்து சேர்ந்த காட்சியை நாம் கண்டதில்லை. கண்டவர் யாரேனும் இருந்தால் அடுத்த மலரில் எழுதுவாராக. 1961-இல் கோபாலன் இயக்குநரானார். 1969-இல், பொன்விழாவை ஒட்டி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயர் ஏற்பட்டது.

அக்காலத்தில் உலகமெங்கும் புரதம் புரதம் என்றே பேச்சு. புரதப் பஞ்சம் வந்துவிட்டது, மீன்மாவும் புரதப் பிஸ்கோத்தும் கொடுத்தாலன்றி ஏழைநாட்டுக் குழந்தைகள் பிழையா என்று ஐக்கிய நாடுகள் மன்றத்திலேயே அறிக்கைகள் எழுந்தன. தார்நாக்கா ஆய்வாளர் கிராமத்து வீடுகளில் குழந்தைகள் உண்பதை நிறுத்தும் அளந்தும் பார்த்து வேறு முடிவுக்கு வந்தனர். குழந்தை உண்ணும் சோறும் பருப்பும் தரத்தில் அவ்வளவு மோசமில்லை, அளவே போதவில்லை. அதே உணவை வயிறார உண்டால் புரதமும் தானே கிடைத்துவிடும். வயிறு நிறையாதபோது உண்ட புரதமும் உடல் வளர்ச்சிக்குப் போகாமல் அடுப்பு விறகாக எரிந்துவிடும். இதை மெய்ப்பிக்க ஐதராபாத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் சிறு குழந்தைகளுக்குக் கோதுமை மாவும் சர்க்கரையும் எண்ணெயும் சேர்ந்த ஒரு பண்டத்தை 14 மாதம் நாள்தோறும் கொடுத்தனர். அதில் 310 கலோரி. புரதம் வெறும் 3 கிராம். குழந்தைகள் உயரத்திலும் எடையிலும் முன்னேறினர். இவ்வாராய்ச்சி 1973-இல் வெளியாயிற்று. மறு ஆண்டிலேயே மக்லாரன் என்னும் அறிஞர், புரதக் கூச்சல் பெரியதொரு தவறு என்று இலண்டன் மருத்துவ ஏட்டில் எழுதினார். பணக்கார நாடுகளின் ஆலைகளில் செய்து கப்பலேற்றவேண்டிய மருந்தன்று நம் குழந்தைகளின் தேவை, வீட்டு அடுப்பில் வேகும் உணவில் இன்னும் இரண்டு கவளம் என்று மெய்ப்பித்தது நம் பக்கத்துத் தெரு நிறுவனம் என்பதில் நமக்குப் பெருமிதம் உண்டு.

‘ஐதராபாத் மாவு’ என்று குழந்தை மருத்துவ நூல்களில் இடம்பெற்றுள்ள கலவை ஒன்றும் இங்கே பிறந்ததே. வறுத்த கோதுமை 40 கிராம், வறுத்த கடலைப்பருப்பு 16 கிராம், வேர்க்கடலை 10 கிராம், வெல்லம் 20 கிராம். இவ்வளவே. 330 கலோரியும் 11 கிராமுக்குச் சற்று மேற்பட்ட புரதமும் தரும். ‘சத்துமாவு’ என்று நம் வீடுகளில் திரிக்கும் மாவுக்கு இது தம்பி முறை. இருபது வகைத் தானியமும் முந்திரியும் பாதாமும் சேர்த்தாலன்றிச் சத்துமாவு ஆகாது என்று எண்ணும் சகோதரிமார் இந்நாலு பொருட்கணக்கை ஒருமுறை நோக்குவாராக.

கேழ்வரகைப் பற்றியும் சொல்லவேண்டும். நூறு கிராம் அரிசியில் சுண்ணாம்புச்சத்து 10 மில்லிகிராம் அளவே. கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல். ஊறவைத்துப் பாலெடுத்துக் கூழ்காய்ச்சி ஊட்டும் நம் முறை நல்ல முறை. ஆனால் எந்தக் கூழுக்கும் ஒரு சங்கடம் உண்டு. கெட்டியாகக் காய்ச்சினால் குழந்தை விழுங்காது. நீர்க்கக் காய்ச்சினால் சின்னஞ்சிறு வயிறு நீராலேயே நிரம்பிவிடும், சத்து சேராது. இச்சிக்கலுக்கு விடை முளைகட்டிய தானியத்தில் இருக்கின்றது. முளைக்கும்போது தானியத்தில் தோன்றும் அமிலேஸ் என்னும் நொதி மாவுப்பொருளை உடைத்துவிடும். முளைகட்டி உலர்த்தி அரைத்த மாவில் ஒரு சிறு கரண்டியைக் கெட்டிக்கூழில் கலந்தால், நீர் ஊற்றாமலேயே அது இளகி ஓடும். குழந்தை ஒருவேளைக்கு உண்ணும் கூழில் சத்து கூடும். மைசூர் நிலையத்தாரும் பரோடாப் பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் அம்மையாரும் 1980-களில் இதை விரிவாக ஆராய்ந்தனர். முளைகட்டிய ராகிமாவைப் பேணிவந்த கிராமத்துத் தாய்க்கு நொதியின் பெயர் தெரியாது, பயன் தெரியும்.

இவ்வாறு சொல்வதால் பழையன யாவும் நல்லன என்று நாம் வாதிடுவதாக எவரும் கொள்ளவேண்டா. மாட்டின் சீம்பாலைத் திரட்டுப்பாலாக்கிச் சுவைக்கும் நம்மவர், தாயின் சீம்பாலை மட்டும் கெட்ட பாலென்று பீய்ச்சிக் கொட்டிய கொடுமையை என்னென்பது? மஞ்சள் நிறமான அப்பால் நோய்த்தடுப்புப் பொருள்கள் செறிந்தது. குழந்தைக்கு இயற்கை போடும் முதல் தடுப்பூசி எனலாம். அதைக் கொட்டிவிட்டு, சேனை தொட்டு வைக்கின்றோம் என்று தேனும் சர்க்கரை நீரும் விளக்கெண்ணெயும் கழுதைப்பாலும் நாவில் தடவினர். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஆகவே ஆகாது என்பது இன்று மருத்துவர் கூறும் முடிபு. மற்றொரு புறம், பாலாடை என்றும் சங்கு என்றும் நாம் வழங்கும் சிறு கிண்ணத்தை எடுத்துக்கொள்க. மேனாட்டுப் புட்டி வந்ததும் அதைப் பரணில் போட்டோம். குறைமாதக் குழந்தைக்குக் கறந்த தாய்ப்பாலைப் புகட்டப் புட்டி, கோப்பை, பாலாடை மூன்றையும் ஒப்பிட்டு 1999-இல் வெளிவந்த இந்திய ஆராய்ச்சி ஒன்று பாலாடைக்கே முதலிடம் தந்தது. பாலாடையில் ஒளிந்துகொள்ள மூலை முடுக்கில்லை, கழுவுவது எளிது.

அன்னப்பிராசனமும் இவ்வகையதே. ஆறாம் மாதத்தில் சோறூட்டுவது நம் முன்னோர் வழக்கு. இருபதாம் நூற்றாண்டு மருத்துவர் அதை நான்காம் மாதத்துக்கு இழுத்து வந்தனர். 2001-இல் உலகச் சுகாதாரப் பேரவை, ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே, தண்ணீரும் வேண்டா; பின்னர் மற்ற உணவோடு இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்று தீர்மானித்தது. ஊர் சுற்றிய விஞ்ஞானம் பாட்டி வீட்டுத் திண்ணைக்கே வந்து அமர்ந்தது.

டப்பாக்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் முயற்சி உலக அரங்கில் எழுந்தது 1970-களில். 1981 மே மாதம் ஜெனீவாவில் உலகச் சுகாதாரப் பேரவை ஒரு விதித்தொகுப்பை ஏற்றது. ஆதரவு 118, எதிர்ப்பு ஒன்றே, அஃது அமெரிக்க ஐக்கிய நாடு. இந்தியா 1992-இல் தனிச்சட்டம் இயற்றியது. 1993 ஆகஸ்டு முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. 2003-இல் மேலும் இறுக்கப்பட்டது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உணவையும் பாற்புட்டியையும் விளம்பரம் செய்தல் குற்றம். டப்பாவின்மேல் குழந்தையின் படமோ தாயின் படமோ இருத்தலாகாது. தாய்ப்பாலே சிறந்தது என்ற வாசகம் டப்பாவிலேயே இருக்கவேண்டும். மருத்துவருக்கு அன்பளிப்புத் தருதலும் தடை. நம் வீட்டு அலமாரியிலுள்ள டப்பாவில் கொழுத்த குழந்தையின் முகத்தை ஏன் காணோம் என்று வியந்தவர்க்கு விடை இதுவே.

அரசினர் செய்த வேறு பணிகளையும் சுருக்கமாகச் சொல்லி முடிப்போம். 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடியாக நாடெங்கும் பரவிற்று. தமிழ்நாட்டில் 1980-இல் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டம், மாதந்தோறும் குழந்தைகளை நிறுத்து, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் உணவளித்துத் தேறியபின் நிறுத்தும் முறையைக் கையாண்டது. 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயது முதற்கொண்ட குழந்தைகளையும் பந்தியில் அமர்த்திற்று. இவை பெருஞ்சாதனைகள். எனினும் பந்திக்கு வர இயலாத ஒரு கூட்டம் எப்போதும் உண்டு: ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகள். தாமாக நடந்து வரமாட்டா. வந்தாலும் தாமாக உண்ணமாட்டா. ஒரு கிண்ணம் கூழுக்கு அரைமணி நேரம் ஒருவர் மடியில் வைத்து ஊட்டவேண்டும். சவலை பிடிப்பதும் அப்பருவத்திலேயே.

நூறாண்டு நிறைவாழ்வு கண்ட கோபாலன் 2019 அக்டோபரில் சென்னையில் மறைந்தார். அவர் மறைந்த ஆண்டில் தொடங்கி 2021-இல் முடிந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 63.7 பேர் தாய்ப்பால் ஒன்றையே உண்டனர். ஐந்து வயதுக்குட்பட்டோருள் 35.5 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். ஆறு முதல் இருபத்துமூன்று மாதக் குழந்தைகளுள் போதிய உணவு, போதிய வகைகளோடு, போதிய தடவை பெற்றவர் நூற்றுக்கு 11.3 பேரே. கையில் காசில்லாமை மட்டும் இதற்குக் காரணம் என்று நாம் கருதவில்லை. மாதச்சம்பளம் தவறாமல் வரும் நம் குடியிருப்பிலேயே, ஒன்பது மாதக் குழந்தைக்குப் பிஸ்கோத்தை வெந்நீரில் கரைத்து இருவேளை புகட்டும் வீடுகளை விரல்விட்டு எண்ண இயலவில்லை. பருப்புச் சோற்றில் நெய்விட்டுப் பிசைந்து, அதில் வெந்த கீரையோ முட்டையோ ஒரு விரலளவு சேர்த்து ஊட்டுவதற்கு ஆகும் செலவு அப்பிஸ்கோத்துப் பொட்டலத்தின் விலைக்கு மேற்படாது. ஆவது அரைமணி நேரம். அந்த அரைமணி நேரத்தைத் தாயொருத்தியின் தலையில் மட்டும் சுமத்தாமல் தகப்பனும் பாட்டனும் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில் கிண்ணம் காலியாகின்றது என்பதையும் நம் குடியிருப்பிலேயே பார்க்கின்றோம்.